வியாபாரப் பயணத்துக்கு ஒரு கமரா: மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறாதீர்கள்



யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு சகோதரர் சில மாதங்களுக்கு முன் மஃரிப் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் முற்றத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார். பலாலியிலிருந்து விமானம் ஏறி சென்னை சௌகார்பேட்டைக்குச் சரக்குப் பார்க்கப் போய் வந்திருந்தார். மொத்த வியாபாரியின் மேல்மாடிக் களஞ்சியத்தில், ஒரு டியூப் லைட் வெளிச்சத்தில், ஐம்பது அறுபது துணி மாதிரிகளைத் தன் கையிலிருந்த பழைய கைத்தொலைபேசியால் படம் எடுத்திருக்கிறார். ஊருக்கு வந்து பங்காளியோடு உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஓர்டர் கொடுத்திருக்கிறார்கள். சரக்கு வந்து இறங்கியபோது, மயில்பச்சை என்று நினைத்தது கடும் நீலம். மெல்லிய சரிகைக் கரை என்று நினைத்தது அச்சடித்த மஞ்சள் கோடு. அனுப்பியவரில் குற்றமில்லை, அவர் கேட்ட இலக்கத்தைத்தான் அனுப்பியிருக்கிறார். படம்தான் பொய் சொல்லிவிட்டது. கட்டுக் கட்டாக வந்த துணியை வாங்கிய விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட வேண்டி வந்தது.

"நானா, நல்ல கமரா ஒண்டு சொல்லுங்க. காசு போனாப் பரவாயில்ல" என்றார். கையில் ஒரு விளம்பரத் துண்டும் வைத்திருந்தார். 20 மெகாபிக்சல், 40 மடங்கு சூம், சட்டைப்பைக்குள் அடங்கும், விலையும் மலிவு. அதைத்தான் வாங்கலாம் என்று யோசிக்கிறாராம். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று நின்ற நிலையில் சொல்லி முடிக்க முடியவில்லை, இஷாவுக்கு அதான் சொல்லிவிட்டார்கள். அவருக்குச் சொல்லவேண்டியதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்வோம். வியாபாரியின் கமரா வேலை செய்யும் இடம் எதுவும் நல்ல வெளிச்சமுள்ள இடமல்ல. புறக்கோட்டை கெய்சர் வீதிக் கடைகளின் உள்ளறைகள், சென்னைக் களஞ்சியங்கள், குருநகரிலும் பாசையூரிலும் விடியுமுன் நடக்கும் மீன் ஏலம், நோன்பு கால இரவுக் கடைகள், குறிகாட்டுவானில் முதல் படகுக்குக் காத்திருக்கும் நேரம், எல்லாமே அரை இருட்டு. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிச்சம் நன்றாக இருக்கும் மத்தியான வேளையில் எந்தக் கமராவும் நல்ல கமராதான். குறைந்த வெளிச்சத்தில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள விலை வித்தியாசத்தின் காரணம் தெரியவரும்.

பிளாஷ் இருக்கிறதே என்பீர்கள். சின்னக் கமராவின் பிளாஷ் லென்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வெளிச்சம் நேரே போய் நேரே திரும்பும். பொலித்தீன் சுற்றிய சரக்கு, சரிகை, மீன் தோல், தங்கம், கண்ணாடி அலுமாரி எதை எடுத்தாலும் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். துணியின் நெசவு தெரியாமல் போய்விடும். ஆகவே பிளாஷ் இல்லாமல் எடுக்கக்கூடிய கமராதான் நமக்கு வேண்டும்.

இதற்கு இரண்டே விஷயங்களைப் பார்த்தால் போதும். கமராவுக்குள் இருக்கும் சென்சர் எவ்வளவு பெரியது? லென்சின் வாய் எவ்வளவு அகலம்?

சென்சர் என்பது பழைய காலத்துப் பிலிம் இருந்த இடத்தில் இருக்கும் சிறு தகடு. வெளிச்சம் விழுவது அதன்மேல்தான். மாரி மழைக்கு முற்றத்தில் தாம்பாளம் வைத்துத் தண்ணீர் பிடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தாம்பாளம் பெரிதானால் அதே நேரத்தில் அதிகத் தண்ணீர் சேரும். மெகாபிக்சல் என்பது அந்தத் தாம்பாளத்தில் எத்தனை குவளை அடுக்கியிருக்கிறது என்ற கணக்கு. சின்னத் தாம்பாளத்தில் 20 குவளை அடுக்கினால் ஒவ்வொரு குவளையும் விரல்நுனி அளவுதான் இருக்கும், அதில் நாலு துளி கூடச் சேராது. அந்த நாலு துளியைக் கமரா மின்சாரத்தால் பெருக்கிக் காட்டும்போதுதான் படத்தில் மணல் தூவியது போலப் புள்ளிகள் வருகின்றன. அந்தப் புள்ளிகளை மறைக்கக் கமரா தானாகவே படத்தைத் தேய்த்து மழுப்பும். சகோதரரின் சரிகைக் கரை மஞ்சள் கோடாக மாறிய இரகசியம் இதுதான்.

அளவைச் சொல்கிறேன். மலிவான கொம்பெக்ட் கமராக்களிலும் நீண்ட சூம் கமராக்களிலும் வழக்கமாக இருக்கும் சென்சர் சுமார் 6.2க்கு 4.6 மில்லிமீற்றர், பரப்பு 28 சதுர மில்லிமீற்றர் வரும். ஓர் 'அங்குல' சென்சர் என்று விற்கப்படுவது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், பரப்பு 116. நாலு மடங்கு. அதற்கும் மேலே ஏ.பி.எஸ்.சி. என்ற அளவு இருக்கிறது, பெரிய கமராக்களில் போடுவது, கிட்டத்தட்ட 370 சதுர மில்லிமீற்றர்.

இங்கே ஒரு வேடிக்கை. 'ஓர் அங்குல' சென்சரை எந்தப் பக்கம் அளந்தாலும் ஓர் அங்குலம் வராது. மூலைக்கு மூலை பிடித்தாலும் 16 மில்லிமீற்றர்தான். பழைய தொலைக்காட்சிக் கமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பெயர் சொன்ன வழக்கம், குழாய் போன பின்னும் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. துணி வியாபாரி இப்படி முழம் போட்டால் நாம் சும்மா விடுவோமா? அளவையில் குறைப்பவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. ஆனால் தொழில் முழுவதும் இதே முழத்தைப் பாவிப்பதால், பெயரை விட்டுவிட்டு மில்லிமீற்றரைக் கேட்டுப் பழகுங்கள்.

கமரா கம்பனிகளே மெகாபிக்சலில் பின்வாங்கிய கதையும் உண்டு. கெனொன் நிறுவனம் 2008இல் வெளியிட்ட பவர்ஷொட் ஜீ10 கமராவில் 14.7 மெகாபிக்சல் இருந்தது. அடுத்த வருடம் அதன் இடத்துக்கு வந்த ஜீ11இல் 10 மெகாபிக்சல்தான். இலக்கம் கூடினால்தான் விற்கும் என்று எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், குறைந்த வெளிச்சத்தில் படம் நன்றாக வரவேண்டும் என்பதற்காகவே குறைத்தார்கள். அதற்கும் முன்னர் 2006இல் புஜிபில்ம் எப்30 என்ற கமரா வெறும் 6 மெகாபிக்சலோடு இருட்டுப் படத்துக்குப் பேர் வாங்கியது.

இனி லென்சின் வாய். ஆயிரம் வருடங்களுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம் இருட்டறையின் சிறு துளை வழியாகச் சூரிய கிரகணத்தின் உருவம் சுவரில் விழுவதை ஆராய்ந்து எழுதினார். துளை சிறிதாக இருந்தால் பிறை வடிவம் தெளிவாகத் தெரிகிறது, துளையைப் பெரிதாக்கினால் வடிவம் கலைந்து வட்டமாகிவிடுகிறது என்று கண்டார். தெளிவு வேண்டுமானால் துளை சிறுக்க வேண்டும், சிறுத்தால் வெளிச்சம் குறையும். அந்த இழுபறிக்கு விடையாகத்தான் பின்னாளில் துளையில் கண்ணாடி வில்லையை வைத்தார்கள். வாய் அகலமாக இருந்தும் உருவம் தெளிவாக விழவைப்பதுதான் லென்ஸ் செய்யும் வேலை. நல்ல லென்சுக்கு விலை கூட இருப்பதும் அதனால்தான்.

லென்சின் வாயை 'எப்' இலக்கத்தால் குறிப்பார்கள். இலக்கம் சிறுத்தால் வாய் அகலம். எப் 2.8 லென்ஸ் எப் 5.6 லென்சைவிட நாலு மடங்கு வெளிச்சம் விடும். இலக்கத்தை இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகும், இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் லென்சின் முகப்பில் இரண்டு இலக்கம் போட்டிருப்பார்கள், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதல் இலக்கம் சூம் இழுக்காதபோது உள்ள வாய். இரண்டாவது, முழுக்க இழுத்தபின் உள்ள வாய். சோனி நிறுவனம் 2012இல் கொண்டுவந்த ஆர்.எக்ஸ்.100 என்ற புகழ்பெற்ற கமராவில் 1.8–4.9 என்று இருக்கும். 1.8 என்பதைப் பார்த்து மகிழ்ந்து சூமை இழுத்தால் ஏழு மடங்குக்கு மேல் வெளிச்சம் குறைந்துவிடும். அதே வரிசையில் 2014இல் வந்த மூன்றாம் பதிப்பில் 1.8–2.8. இழுத்தாலும் வெளிச்சம் பாதிக்குச் சற்றுக் கீழேதான் இறங்கும். சூமின் நீளத்தைக் குறைத்துத்தான் இதைச் சாதித்தார்கள். முதல் பதிப்பு 28–100 மில்லிமீற்றர், மூன்றாம் பதிப்பு 24–70. சூமும் வேண்டும், இருட்டிலும் எடுக்கவேண்டும், சட்டைப்பையிலும் அடங்கவேண்டும் என்றால் முடியாது. மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம்.

இப்போது அந்த விளம்பரத் துண்டுக்கு வருவோம். 40 மடங்கு சூம் கமராவைக் கடைசிவரை இழுத்தால் அதன் வாய் எப் 6.9 அளவுக்குச் சுருங்கிவிடும். எப் 2.8 வாயோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு வெளிச்சம். சென்சரோ நாலில் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள், 24 மடங்கு வித்தியாசம். இருபத்துநாலு வாளி தண்ணீர் வரவேண்டிய இடத்தில் ஒரு வாளி. அந்தச் சூம் நடுப்பகலில் யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் இருந்து கடலில் போகும் படகை எடுக்க உதவும். சௌகார்பேட்டைக் களஞ்சியத்தில் உதவாது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். பல வருடங்களுக்கு முன் இப்படியொரு கமராவை ஆசையோடு வாங்கி, உறவுக்காரப் பிள்ளையின் நிக்காஹ் மஜ்லிஸில் எடுத்த இருநூறு படத்தில் பத்துக்கூடத் தேறவில்லை. மாப்பிள்ளையின் முகம் மெழுகு பூசியது மாதிரி இருந்தது. அந்தக் கமரா எந்தக் கம்பனி என்று இங்கே வேண்டாம், குற்றம் வாங்கிய என்னுடையது.

சரி, எதை வாங்குவது? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், உங்கள் தொழிலுக்கேற்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வியாபாரிகளுக்கு ஓர் அங்குல சென்சரும் எப் 1.8–2.8 லென்சும் உள்ள கமராதான் சரி. சோனி ஆர்.எக்ஸ்.100 மூன்றாம், நாலாம், ஐந்தாம் பதிப்புகள் இந்த வகை. கையால் தள்ளித் திறக்கும் சிறு கண்காட்டியும் இவற்றில் உண்டு, வெயிலில் திரை தெரியாதபோது உதவும். எடை முந்நூறு கிராம் அளவுதான். கெனொன் ஜீ7 எக்ஸ் இரண்டாம் பதிப்பு 2016இல் வந்தது, அதுவும் எப் 1.8–2.8, சூம் 24–100 வரை போகிறது. கண்காட்டி இல்லை, ஆனால் பிடிக்க வாகானது, திரையைத் தொட்டு இயக்கலாம், முதன்முதலாகக் கமரா பிடிப்பவருக்கு இதுதான் இலகு. அதே வருடம் வந்த பெனசோனிக் எல்.எக்ஸ்.10 (சில நாடுகளில் எல்.எக்ஸ்.15 என்ற பெயர்) எப் 1.4இல் தொடங்குகிறது. துணிக்கடைச் சகோதரருக்கு நான் சொன்னது கெனொனைத்தான். அவருக்கு அலுமாரியின் மேல்தட்டிலுள்ள துணிக்கும் சூம் வேண்டும், மெனுவைத் தோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை.

நீண்ட சூம் இல்லாமல் முடியாது என்பவர்கள், உதாரணமாகப் பழைய இரும்பு ஏலத்தில் வேலிக்கு வெளியே நின்று பார்க்கவேண்டியவர்கள், பெனசோனிக்கின் டி.இஸட்.100ஐயோ சோனியின் ஆர்.எக்ஸ்.100 ஏழாம் பதிப்பையோ பார்க்கலாம். முன்னது 25–250, பின்னது 24–200. சென்சர் அதே ஓர் அங்குலம். ஆனால் வாய் எப் 2.8இலேயே தொடங்கி முறையே 5.9, 4.5 என்று சுருங்கும். பகலுக்கு இவை, இரவுக்கு மேலே சொன்னவை.

இன்னும் மேலே போனால் ரிக்கோ ஜீ.ஆர்.3, புஜிபில்ம் எக்ஸ்100 வரிசை. இரண்டிலும் ஏ.பி.எஸ்.சி. சென்சர், இரண்டிலும் சூம் கிடையாது. ரிக்கோ 257 கிராம்தான், உண்மையிலேயே சட்டைப்பைக்குள் போகும், கை நடுக்கத்தைத் தாங்கும் வசதியும் உண்டு. எக்ஸ்100 வரிசையின் ஆறாம் பதிப்பு 2024இல் வந்தபோது 1,600 டொலர். அழகான கமரா, மறுக்கவில்லை. சரக்குப் பார்க்கப் போகும் வியாபாரிக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம். ஹோட்டல் தொழிலிலோ சுற்றுலாத் தொழிலிலோ இருந்து, படத்தையே விற்பனைக்கு வைப்பவர்கள் யோசிக்கலாம்.

விலை விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்.எக்ஸ்.100 முதலில் வந்த 2012இல் 650 டொலர், ஏழாம் பதிப்பு 2019இல் 1,200 டொலர். டொலரில் ஏறியது இரண்டு மடங்குக்கும் குறைவு. நமது ரூபா 2022இல் விழுந்த விழுக்காட்டையும் சேர்த்தால் கொழும்பில் புதுக் கமராவின் விலைச்சீட்டைப் பார்த்து மயங்கி விழவேண்டியதுதான். கைத்தொலைபேசிகள் வந்தபின் கொம்பெக்ட் கமரா சந்தையே சுருங்கிப்போனது. உலகில் 2010இல் பத்துக் கோடிக்கு மேல் அனுப்பப்பட்டவை 2023இல் இருபது இலட்சத்துக்கும் கீழே வந்துவிட்டன. புது மொடல்கள் குறைவு, இருப்பவற்றுக்கும் இளைஞர்களிடையே மீண்டும் ஒரு மோகம். ஆகவே பாவித்த கமராவை வாங்கத் தயங்க வேண்டாம். ஐந்தாறு வருடம் பழைய ஓர் அங்குலக் கமரா, இன்று வாங்கும் புது மலிவுக் கமராவைவிடக் குறைந்த வெளிச்சத்தில் நிச்சயமாக நன்றாக வேலை செய்யும். வட்டியோடு தவணையில் புதியது எடுப்பதைவிடக் கைக்காசுக்குப் பாவித்தது எடுப்பது மார்க்கத்துக்கும் நல்லது, கணக்குப் புத்தகத்துக்கும் நல்லது.

பாவித்ததை வாங்கும்போது கடைக்காரரின் வாசலில் நின்று வெயிலில் படம் எடுத்துப் பார்க்காதீர்கள். கடையின் பின்னறைக்குப் போங்கள். ஒரு ரூபாத் தாளைச் சுவரில் வைத்து, பிளாஷை நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. இலக்கத்தை 1600இல் வைத்து, சூம் இழுக்காமல் ஒன்றும் முழுக்க இழுத்து ஒன்றும் எடுங்கள். திரையில் பெரிதாக்கி, தாளிலுள்ள பொடி எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, வெள்ளைச் சுவரை எப் 11இல் எடுத்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தெரிந்தால் உள்ளே தூசி புகுந்திருக்கிறது. உள்ளே போய் வெளியே வரும் லென்ஸ் உள்ள கமராக்களுக்கு இது பொதுவான நோய், கழற்றித் துடைப்பது சின்ன வேலையல்ல. லென்ஸ் வெளியே வரும்போது முனகினாலோ இடையில் நின்றாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லென்சுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சணம். பற்றுச்சீட்டும் தொடரிலக்கமும் இல்லாமல் வாங்குவது திருட்டுப் பொருளுக்குத் துணைபோவதாக முடியலாம்.

கைத்தொலைபேசி போதாதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022இல் சியோமி நிறுவனம் 12எஸ் அல்ட்ரா என்ற தொலைபேசியிலேயே ஓர் அங்குல சென்சரை வைத்துவிட்டது. விலையுயர்ந்த தொலைபேசிகள் ஒரே காட்சியைப் பல தடவை எடுத்து ஒன்றாகச் சேர்த்து இருட்டை வெளிச்சமாக்கிக் காட்டுகின்றன. அசையாத பொருளுக்கு அது அபாரம். உங்கள் கையில் அப்படியொரு தொலைபேசி இருந்து, எடுப்பது பில்லும் பெட்டியும்தான் என்றால் கமராவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஆனால் மீன் ஏலத்தில் கை அசையும், கடலட்டையைத் தராசில் போடும்போது முள் அசையும், அங்கே பல படம் சேர்க்கும் வித்தை குழம்பிவிடும். துணியில் இன்னொரு சிக்கல், தொலைபேசி படத்தைக் 'கண்ணுக்கு அழகாக' மாற்றிவிடும். நெசவு வழவழப்பாகும், நிறம் ஒரு படி ஏறும். பார்க்க நன்றாக இருக்கும், ஓர்டர் கொடுக்கத்தான் உதவாது. நல்ல கமராவில் 'ரோ' என்ற முறையில் எடுத்தால் சென்சர் கண்டது கண்டபடி கிடைக்கும்.

நிறத்தைப் பற்றி. எந்தக் கமராவானாலும் டியூப் லைட்டிலும் எல்.ஈ.டி. பல்பிலும் நிறம் மாறும். சகோதரரின் மயில்பச்சைக்கு நடந்ததில் பாதி இதனால்தான், கமராவை மாற்றினாலும் இதைச் செய்யாவிட்டால் மறுபடி நடக்கும். ஒரு வெள்ளைக் கடதாசியைச் சரக்குக்குப் பக்கத்தில் வையுங்கள். கமராவில் 'வைட் பெலன்ஸ்' என்ற இடத்துக்குப் போய் அந்தக் கடதாசியைக் காட்டி 'இதுதான் வெள்ளை' என்று பதிந்துவிடுங்கள். அறை மாறினால் திரும்பவும் செய்யுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் முதல் படத்தில் கடதாசியும் துணி இலக்கமும் சேர்ந்து விழட்டும். அரை நிமிட வேலை. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மேசையிலோ தூணிலோ சாய்ந்து எடுத்தால் செக்கனில் பதினைந்தில் ஒரு பங்கு வரை வேகம் குறைந்தாலும் படம் ஆடாது.

வாங்குவதற்கு எடுக்கும் படம் ஒன்று, விற்பதற்கு எடுக்கும் படம் இன்னொன்று. இப்போது நமது கடைகளில் பாதி வியாபாரம் வட்ஸ்அப்பில்தான் நடக்கிறது. நிறத்தை ஏற்றி, மங்கலை அழித்து, கறையை மறைத்துப் படம் போடுகிறோம். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, மழையில் நனைந்தது என்றவரிடம், அப்படியானால் ஏன் அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று கேட்ட சம்பவம் ஹதீஸில் வருகிறது, நாம் எல்லோரும் ஜும்ஆ மேடையில் கேட்டதுதான். கறை இருந்தால் கறையைத் தனியாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். சரக்கு திரும்பி வராது. புகைப்படம் எடுப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவேன். நான் இங்கே பேசுவது பெரும்பாலும் சரக்கு, இடம், பத்திரம் இவற்றைப் பற்றித்தான். உம்ராவுக்குக் கொண்டுபோகிறவர்கள் அங்குள்ள விதிகளைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். இங்கும் இராணுவ முகாம்கள், விமான நிலையத்தின் பாதுகாப்புப் பகுதி பக்கம் கமராவைத் தூக்காதீர்கள்.

பராமரிப்பு சுருக்கமாக. நமது குடாநாட்டுக் காற்றில் உப்பும் புழுதியும் சேர்ந்தே வரும். கடற்கரையிலிருந்து வந்தால் இலேசாக ஈரமாக்கிய துணியால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். சிலர் அரிசிக்குள் போட்டு வைக்கிறார்கள், அரிசி மாவு லென்சுக்குள் போய்விடும், வேண்டாம். இந்தச் சின்னக் கமராக்களின் பட்டரி இருநூற்றைம்பது முந்நூறு படத்துக்கு மேல் தாங்காது, பயணத்துக்கு ஒரு பட்டரி கூடுதலாக இருக்கட்டும். மெமரி கார்ட்டில் போலி அதிகம். வாங்கியவுடன் முழுக்க நிரப்பித் திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே பயணத்துக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொரு வேலைக்கும் இந்தக் கமராவைப் பாவிக்கச் சொல்லி அந்தச் சகோதரரிடம் கேட்டுக்கொண்டேன், உங்களிடமும் கேட்கிறேன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் நமது மக்கள் இந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டபோது நகையும் காசும் மட்டும் போகவில்லை. காணி உறுதிகள், கடைக் கணக்குப் புத்தகங்கள், கலியாண அல்பங்கள் எல்லாம் போயின. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்களில் பலர் இது எங்கள் வாப்பாவின் கடை என்று காட்டக் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் நின்றார்கள். பழைய வீட்டின் படம் ஒன்றுகூட இல்லாத குடும்பங்கள் எத்தனை!

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டும் நேரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். உறுதியின் ஒவ்வொரு பக்கத்தையும், வியாபாரப் பதிவுப் பத்திரத்தையும், காப்புறுதிச் சான்றையும், கடையின் நாலு சுவரையும், அடுக்கியிருக்கும் சரக்கையும் படம் எடுங்கள். பத்திரத்தை ஜன்னலோரம் மேசையில் தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், முத்திரையும் கையெழுத்தும் வெளிறிப்போகும். மங்கிய மையில் எழுதிய பழைய உறுதிகளில்தான் பெரிய சென்சரின் அருமை தெரியும், கண்ணுக்கே தெரியாத எழுத்துச் சில சமயம் படத்தில் தெரியவரும். பிறகு அந்தப் படங்களை இரண்டு கார்ட்டில் பிரதி எடுத்து, ஒன்றை யாழ்ப்பாணத்திலும் மற்றதைப் புத்தளத்தில் இருக்கும் உறவுக்காரர் வீட்டிலும் வையுங்கள்.